கூண்டு வண்டிகள் போன வழியில்

கிளம்புவதற்கு முன்

டென்வரில் இருப்பவர்களிடம் மேற்கு அமெரிக்காவின் பழைய இடங்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் வருகிற யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். நேராக மவுண்ட் ரஷ்மோர், அங்கே நாலு படம், அப்படியே யெல்லோஸ்டோன், திரும்பி வீடு. இந்தத் தடவை நாங்கள் வேறு மாதிரி போகிறோம். கிழக்கிலிருந்து வந்தவர்கள் இந்த நிலத்துக்குள் எப்படி நுழைந்தார்கள், தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது, இதை நடந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

வரைபடத்தை விரித்து வைத்து ஆண்டுகளைக் குறித்தபோது ஒன்று தெரிந்தது. ஆண்டு வரிசையும் ஊர் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. 1840களில் கூண்டு வண்டிகள் வந்த பாதை நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில். பூர்வகுடிகளோடு அமெரிக்க அரசு செய்த 1851, 1868 ஒப்பந்தங்கள் அதற்கு அடுத்தாற்போல் வயோமிங்கின் ஃபோர்ட் லாரமியில். 1874இல் தங்கம் கிடைத்த பிளாக் ஹில்ஸ் அங்கிருந்து வடக்கே. 1876இல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் அதற்கும் வடமேற்கே. அந்தப் போரையெல்லாம் மேடைக் காட்சியாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோன பஃபலோ பில்லின் ஊர் கோடி, இன்னும் மேற்கே. திரும்பி வரும் வழியில் மறுபடியும் வண்டிப் பாதை. நடுநாயகமாக நான் வைத்திருப்பது ரஷ்மோரை அல்ல, ஃபோர்ட் லாரமியை. அதற்கு முன்னால் பார்ப்பதெல்லாம் அங்கே வந்து சேர்கிறது, பின்னால் பார்ப்பதெல்லாம் அங்கிருந்து கிளம்புகிறது.

ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜூலைக் கடைசியில் செயென் நகரில் ஃபிரான்டியர் டேஸ் திருவிழா, தெற்கு வயோமிங்கில் அறை கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழா, டெட்வுட் பக்கம் போகவே முடியாது. மே மாதத்தில் மேட்டு நிலத்தில் பனி விழும். ஜூன் நடுவில் பகல் நீளம், புல் பச்சையாக இருக்கும். மாலையில் ஆலங்கட்டி மழை வரலாம், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

வயோமிங் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு. மக்கள்தொகை 6 லட்சத்துக்கும் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து யோசித்தால் பெட்ரோல் பங்குக்கும் பங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும் என்று புரியும். டேங்க் பாதியானால் நிரப்பிவிட வேண்டும். போனில் சிக்னல் மணிக்கணக்காக இருக்காது, ஆகவே வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டேன். தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் டெவில்ஸ் டவருக்கும் லிட்டில் பிக்ஹார்னுக்கும் செல்லும். ஸ்காட்ஸ் பிளஃப், ஃபோர்ட் லாரமி இரண்டிலும் கட்டணமே கிடையாது. ரஷ்மோரில் பார்க்கிங்குக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்கு பாஸ் செல்லாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கட்டண விதிகளைக் கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் நான், கணவர், மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா. ஐஸ் பெட்டியில் தயிர், புளிக்காய்ச்சல், சப்பாத்தி. சின்ன எலெக்ட்ரிக் குக்கர் ஒன்று. மாட்டுப் பண்ணை ஊர்களில் சைவச் சாப்பாட்டைத் தேடி அலைவதைவிட இது நிம்மதி.

வியாழன், கெரிங், நெப்ராஸ்கா

டென்வரிலிருந்து வடகிழக்கே இரண்டு பக்கமும் வயலும் புல்வெளியும்தான். பேயார்ட் ஊருக்குப் பக்கத்தில் சிம்னி ராக் கண்ணில் பட்டது. களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் மணற்பாறையும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கீழே அகன்று மேலே ஒற்றைத் தூணாக நிற்கிறது. ஆரிகன் பாதையில் போனவர்களின் நாட்குறிப்புகளில் வேறெந்த இடத்தையும்விட அதிகமாக வருவது இதுதான். தூரத்தில் தெரிய ஆரம்பித்த பிறகும் பக்கத்தில் வந்து சேர அவர்களுக்கு நாள் கணக்கில் ஆனது. நாங்கள் காரில் அதைச் சில நிமிடங்களில் தாண்டிவிட முடியும் என்பதால், வேண்டுமென்றே ஓரமாக நிறுத்தி நெடுநேரம் நின்றோம்.

மிசூரியின் இன்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஆரிகன் வரை ஏறக்குறைய 2,000 மைல். ஏப்ரல், மே மாதத்தில் மாடு மேயப் புல் முளைத்த பிறகு கிளம்ப வேண்டும், மலையில் பனி விழுவதற்குள் தாண்டிவிட வேண்டும். வண்டிக்குள் மாவு, பன்றிக் கறி, கருவிகள், விதை. மனிதர்களுக்கு அதில் இடமில்லை. நோயாளிகளும் சின்னக் குழந்தைகளும் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் நடந்தே போனார்கள். 1840களில் தொடங்கி 1869இல் ரயில் பாதை இணையும் வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆற்றோரமாக மேற்கே போயிருக்கிறார்கள். வழியில் அதிகம் பேரைக் கொன்றது காலரா. சினிமாவில் காட்டுவது போல அம்பு பட்டுச் செத்தவர்கள் அதோடு ஒப்பிட்டால் குறைவு.

ஸ்காட்ஸ் பிளஃப் நார்த் பிளாட் ஆற்றிலிருந்து 800 அடி எழும்பி நிற்கும் குன்று. உச்சிக்குக் கார் போகும், வழியில் மூன்று சுரங்கப் பாதைகள். மேலே நின்று பார்த்தால் மிட்செல் பாஸ் தெரிகிறது. குன்றுக்கு நடுவே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே போகக்கூடிய இடுக்கு அது. கீழே மாதிரிக்கு நிறுத்தியிருக்கும் கூண்டு வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்த அப்பா கடைசியில் சொன்னார்: "ஏம்மா, இது நம்ம வண்டிய விட ரொம்பப் பெரிசு இல்லையேம்மா. இதுல குடும்பத்தையே கட்டிட்டு ஆறு மாசமா?"

இரவு அறையில் ரவா உப்புமா. நாளைக்கு இந்தப் பயணத்தின் மையம்.

வெள்ளி, ஃபோர்ட் லாரமி

கெரிங்கிலிருந்து ஒரு மணி நேரம். வழியில் ஹார்ஸ் கிரீக் என்ற சின்ன ஓடை. 1851இல் லகோட்டா, செயென், அரப்பஹோ, க்ரோ, ஷோஷோனி எனப் பல பூர்வகுடிகள் ஒப்பந்தம் பேச ஃபோர்ட் லாரமியில்தான் கூடினார்கள். வந்தவர்களின் குதிரைகளுக்கு அங்கே புல் போதவில்லை. எனவே கூட்டத்தையே ஆற்றோரமாகக் கிழக்கே நகர்த்தி இந்த ஓடைக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டிகள் போக வழி விட வேண்டும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 டாலர் மதிப்புள்ள பொருள் 50 ஆண்டுகளுக்கு என்று பேச்சு. வாஷிங்டனில் செனட் அந்த 50ஐ 10ஆக வெட்டியது. மூன்றே ஆண்டில், 1854 ஆகஸ்டில், வண்டிக் கூட்டத்தை விட்டு விலகிப் போன ஒரு மாட்டை லகோட்டா முகாமில் ஒருவர் அடித்துச் சாப்பிட்டுவிட்டார். மாட்டுக்கு ஈடு கொடுக்கிறோம் என்று தலைவர் கான்கரிங் பேர் சொல்லியும் கேட்காமல், கிராட்டன் என்ற இளம் அதிகாரி படையோடும் பீரங்கியோடும் போனார். கான்கரிங் பேர் சுடப்பட்டார். கிராட்டனும் அவரோடு போன வீரர்களும் செத்தார்கள். சமவெளிப் போர்கள் அங்கே தொடங்கின. அந்த இடமும் கோட்டைக்குக் கிழக்கே சில மைல்களில்தான் இருக்கிறது.

கோட்டை என்றதும் மகள் மதில்சுவரைத் தேடினாள். மதில் இல்லை. 1834இல் வணிகர்கள் கட்டிய பழைய கோட்டைக்குச் சுவர் இருந்தது. 1849இல் ராணுவம் 4,000 டாலருக்கு இந்த இடத்தை வாங்கிய பிறகு கட்டியதெல்லாம் திறந்த மைதானத்தைச் சுற்றிய கட்டடங்கள். ஓல்ட் பெட்லம் என்ற இரண்டு மாடி வெள்ளை மரவீடு அந்த ஆண்டே கட்டத் தொடங்கியது, வயோமிங்கின் மிகப் பழைய ராணுவக் கட்டடம். குதிரைப்படை வீரர்கள் தங்கிய நீளமான கட்டடத்தின் மாடியில் இரு வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஆணிகளில் கோட்டு, கீழே பூட்ஸ். மருத்துவமனை பாதிச் சுவராக நிற்கிறது. வீரர்களின் பழைய மதுக்கடையில் கோடையில் ரூட் பியர் என்ற மது இல்லாத குளிர்பானம் விற்கிறார்கள். வெயிலுக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஆனால் நான் வந்தது 1868க்காக. மொன்டானாவின் தங்கச் சுரங்கங்களுக்குப் போன போஸ்மன் பாதையில் ராணுவம் கட்டிய கோட்டைகளை எதிர்த்து லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் இரண்டு ஆண்டு போரிட்டார். அரசு இறங்கி வந்தது. அந்தக் கோட்டைகளைக் காலி செய்த பிறகே நவம்பரில் அவர் இங்கே வந்து கையெழுத்திட்டார். இன்றைய சவுத் டகோட்டாவில் மிசூரி ஆற்றுக்கு மேற்கே உள்ள முழு நிலமும், பிளாக் ஹில்ஸ் உட்பட, லகோட்டாக்களுக்கே என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. அதில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுப்பதென்றாலும் வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்பது அதன் 12ஆவது பிரிவு. இந்தப் பிரிவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வடக்கே போனால் போதும், இனி வருகிற ஒவ்வொரு ஊரும் தானாகவே பேசும்.

மதியத்துக்கு மேல் கர்ன்ஸி. இங்கே வண்டித் தடம் பாறையில் இருக்கிறது. ஆற்றோரத்தில் ஈர நிலம், மறுபக்கம் மேடு. வண்டிகளெல்லாம் ஒரே மணற்பாறை முதுகின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் வருடம் வருடமாக அதே கோட்டில் உருண்டு உருண்டு, ஆட்களும் உளி கொண்டு வெட்டி, பாறை ஐந்தடி வரை பள்ளமாகியிருக்கிறது. உள்ளே இறங்கி நடந்தால் பக்கச்சுவர் என் நெஞ்சுக்கு வருகிறது. அடியில் இரண்டு சக்கரக் கோடுகள், நடுவில் மாடுகள் மிதித்து வழுவழுப்பான மேடு. அப்பா குனிந்து, சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேலே கிடைமட்டமாக ஓடிய ஒரு வரியை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது சக்கரத்தோட குடம் உரசினது" என்றார். "சக்கரம் கீழ இறங்க இறங்க, அச்சும் குடமும் பாறையில இடிச்சிருக்கும். அப்புறம்தான் உளி போட்டிருப்பாங்க."

மகள் கையை வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே அந்த இடம் மட்டும் தேய்ந்து மழமழவென்று இருந்தது.

அங்கிருந்து மூன்று மைலில் ரெஜிஸ்டர் கிளிஃப். ஆற்றங்கரையில் நூறடிப் பாறைச்சுவர், அதில் பயணிகள் செதுக்கிய பெயர்கள், ஊர், ஆண்டு. 1850களின் பெயர்கள் கம்பி வேலிக்குள். வேலிக்கு வெளியே இன்றைய ஆட்களும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிந்தது. மேலே குருவிகள் மண்கூடு கட்டிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளிப் பெயரில்லாத கல்லறைகள். ஃபோர்ட் லாரமியைத் தாண்டி முதல் நாள் இரவு இங்கே தங்குவது வழக்கம் என்பதால் இத்தனை பெயர்கள். இந்த இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

சனி, பிளாக் ஹில்ஸ்

லஸ்க், நியூகாசில் வழியாக கஸ்டர் ஊர். 1874இல் லெஃப்டினன்ட் கர்னல் கஸ்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு, ஒப்பந்தப்படி லகோட்டாக்களுக்குச் சொந்தமான இந்த மலைக்குள் வந்தார். ஃபிரெஞ்ச் கிரீக் ஓடையில் தங்கம் இருப்பதாகச் செய்தி கிளம்பியது. அடுத்த ஆண்டே கூட்டம் கூட்டமாக ஆட்கள். 1877இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு மலையை எடுத்துக்கொண்டது. நான்கில் மூன்று பங்குக் கையெழுத்து வேண்டும் என்ற பிரிவு என்ன ஆனது என்றால், பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வாங்க முடிந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் ரேஷன் இல்லை என்ற மிரட்டலோடு வாங்கியது அது.

1980 ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் இந்த நிலம் முறையான இழப்பீடு இல்லாமல் எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டு, 1.71 கோடி டாலரும் 1877 முதலான வட்டியும் கொடுக்கச் சொன்னது. அப்போதே வட்டியோடு 10 கோடி டாலரைத் தாண்டிய தொகை. லகோட்டாக்கள் வாங்கவில்லை. மலை விற்பனைக்கல்ல என்பது அவர்கள் பதில். அந்தப் பணம் இன்றும் தொடப்படாமல் நூறு கோடி டாலருக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது. அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் சில அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலங்கள் (ரிசர்வேஷன்) என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள்மேல் எனக்கிருக்கும் மரியாதைக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதைத் தெரிந்துகொண்டு ரஷ்மோர் முன்னால் நிற்பது வேறு அனுபவம். 1927 முதல் 1941 வரை செதுக்கிய நான்கு அமெரிக்க அதிபர்களின் 60 அடி உயர முகங்கள், வேலை அபாரம்தான். ஒரு மணி நேரம் போதும். பக்கத்தில் 1948இல் தொடங்கி இன்னும் முடியாத, லகோட்டா போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸின் சிற்பம். முகம் மட்டும் 1998இல் முடிந்தது, 87 அடிக்கு மேல். அவருடைய மலையையே குடைந்து அவருக்குச் சிலையா என்று கேட்கும் லகோட்டாக்களும் உண்டு.

மாலையில் கஸ்டர் ஸ்டேட் பார்க்கில் காட்டெருமை மந்தை சாலையை மறித்து நின்றது. கோடிக்கணக்கில் இருந்த இனம் 1880களின் கடைசியில் சில நூறாகக் குறைந்தது. கன்றுகள் செம்பட்டை நிறத்தில் தாயை ஒட்டி நடந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

வுண்டட் நீ இங்கிருந்து இரண்டு மணி நேர தூரம்தான். 1890 டிசம்பர் 29இல் பெண்களும் குழந்தைகளுமாக லகோட்டாக்கள் கொல்லப்பட்ட இடம். அதைச் சிற்பத்துக்கும் சூதாட்ட ஊருக்கும் நடுவே செருக எனக்கு மனம் வரவில்லை. அதற்கென்றே ஒரு பயணம் போவோம்.

ஞாயிறு, டெட்வுட்

டெட்வுட் பிறந்ததே 1876இல், இன்னொருவர் நிலத்தில், சட்டத்துக்குப் புறம்பாக. அந்த ஆகஸ்ட் 2இல் சீட்டாடிக்கொண்டிருந்த, துப்பாக்கிக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக்கைப் பின்னாலிருந்து சுட்டார்கள். ஊர் இன்றுவரை அந்த ஒரு குண்டை வைத்துப் பிழைக்கிறது. தெருவில் கோடை முழுக்கத் துப்பாக்கிச் சண்டை நாடகம், 1989இல் சூதாட்டத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு கடைக்குக் கடை கேசினோ.

காலையில் சீக்கிரமாக மவுண்ட் மொரையா இடுகாட்டுக்கு ஏறினால் ஊர் வேறு மாதிரி தெரிகிறது. ஹிக்காக் கல்லறைக்குப் பக்கத்தில், அந்தக் காலக் கதைகளில் பேர்பெற்ற கலாமிட்டி ஜேன் என்ற பெண்ணின் கல்லறை. இன்னும் மேலே சீனர்களுக்கென்று ஒரு பகுதி. சலவை, உணவகம், மளிகை என்று இந்த ஊரை நடத்தியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். ஃபீ லீ வோங் என்ற வணிகரின் கடை பேர்பெற்றது. அவர்களில் பலருடைய எலும்புகளை உறவினர்கள் தோண்டி எடுத்துச் சொந்த ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். படைக்கும் மேடையும் காகிதம் எரிக்கும் அடுப்பும் அங்கே மறுபடி கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

பக்கத்து ஊர் லீடில் ஹோம்ஸ்டேக் சுரங்கம். 2002இல் மூடும் வரை 4 கோடி அவுன்ஸ் அளவுக்குத் தங்கம் எடுத்த இடம், ஆழம் 8,000 அடி. அந்த எண்ணை நீதிமன்றம் சொன்ன 1.71 கோடி டாலரோடு சேர்த்து யோசித்தபடி பள்ளத்தைப் பார்த்தேன். இப்போது சுரங்கத்துக்குள் நியூட்ரினோ ஆய்வு நடக்கிறது.

திங்கள், டெவில்ஸ் டவர்

தனியாக எழும்பி நிற்கும் பாறைக் கோபுரம், 1906இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச்சின்னம். லகோட்டாக்களுக்கு மாத்தோ டிபிலா, அதாவது கரடியின் வீடு. அடியிலிருந்து 867 அடி. சுற்றி வரும் பாதை 1.3 மைல், நிழல் உண்டு, வயதானவர்கள் நடக்கலாம். மரக்கிளைகளில் வேண்டுதல் துணிகள் கட்டியிருக்கும். தொடக்கூடாது, படம் எடுக்கவும் கூடாது. பூர்வகுடிகளின் சடங்குகள் நடக்கும் ஜூன் மாதத்தில் பாறை ஏறாதீர்கள் என்று 1995 முதல் வேண்டுகோள் இருக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனாலும் பெரும்பாலோர் கேட்டு நடக்கிறார்கள். மாலையில் ஆலங்கட்டி. கார் தப்பியது.

செவ்வாய், லிட்டில் பிக்ஹார்ன்

212ஆம் நெடுஞ்சாலையில் வந்தோம். வழியெல்லாம் ஆளே இல்லாத புல்மேடு. இந்தப் போர்க்களம் க்ரோ மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்கு நடுவே இருக்கிறது. க்ரோக்களுக்கும் லகோட்டாக்களுக்கும் பழைய பகை, கஸ்டருக்கு வழிகாட்டியவர்களில் க்ரோ வீரர்களும் இருந்தார்கள். பூர்வகுடிகள் எல்லோரையும் ஒரே அணியாக நினைத்துக்கொண்டு வந்தால் இங்கே ஒன்றும் விளங்காது. கோடையில் க்ரோ வழிகாட்டிகளே அப்சாலூகே டூர்ஸ் பேருந்தில் களத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதையே எடுங்கள்.

1876 ஜூன் 25. ஆற்றோரம் லகோட்டா, செயென் கூடாரங்கள், பல ஆயிரம் பேர். ஒதுக்கீட்டு நிலத்துக்குத் திரும்பச் சொன்ன அரசின் ஆணையை ஏற்காதவர்கள். கஸ்டர் படையைப் பிரித்துக்கொண்டு தாக்கினார். அவரோடு நேராக இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டு நாள் சண்டையில் ஏழாவது குதிரைப்படையில் 260க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

களத்தின் சிறப்பே கற்கள்தான். வீரர்கள் விழுந்த இடங்களில் 1890இல் வெள்ளைக் கற்கள் நட்டார்கள். மேட்டில் கும்பலாக இருக்கின்றன. அதைவிட என்னை நிறுத்தியது, புல்லுக்கு நடுவே தனித்தனியாக ஒன்று, தள்ளி இரண்டு, பள்ளத்தில் இன்னொன்று என்று கிடப்பவை. ஓடியிருக்கிறார்கள் என்பது கல் இருக்கும் இடத்திலேயே தெரிகிறது. எதிர்ப்பக்கம் விழுந்தவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் கல்லே இல்லை. 1991இல்தான் களத்தின் பெயரிலிருந்து கஸ்டரை எடுத்தார்கள். 1999 முதல் செம்பாறைக் கற்கள் நடத் தொடங்கினார்கள். லேம் வைட் மேன் என்ற செயென் வீரரின் கல், செயென் வாழ்க்கை முறையைக் காக்கும்போது இங்கே விழுந்தார் என்று சொல்கிறது. மகள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சோல்ஜர்ஸ் கல்லுல இந்த மாதிரி எதுக்காகன்னு எழுதலையே தாத்தா?" என்று கேட்டாள். தாத்தா பதில் சொல்லவில்லை. எனக்கும் சட்டென்று வரவில்லை.

2003இல் திறந்த பூர்வகுடி நினைவிடம் வட்டமானது. இரும்புக் கம்பியால் வளைத்த குதிரை வீரர்கள் வானத்துக்கு எதிரே ஓடுகிறார்கள். சுவரில் ஒரு திறப்பு, அது நேராக எதிர்மேட்டில் இருக்கும் குதிரைப்படைத் தூணைப் பார்க்கிறது. தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள், பாம்பு உண்டு.

புதன், கோடி

லிட்டில் பிக்ஹார்னுக்கு அடுத்து கோடியை வைத்ததற்குக் காரணம் சிட்டிங் புல். 1876இல் லகோட்டாக்களின் பெருந்தலைவர். 1885இல், ஒன்பதே ஆண்டில், பஃபலோ பில் கோடியின் வைல்ட் வெஸ்ட் காட்சியில் ஒரு பருவம் ஊர் ஊராகப் போனார். கூட்டம் அவரைப் பார்க்கக் காசு கொடுத்தது. 1883இல் தொடங்கிய அந்தக் காட்சி 1887இல் லண்டன் வரை போனது. இன்று உலகம் முழுக்க மனதில் இருக்கும் கவ்பாய், இந்தியன் சண்டைக்கு அச்சு வார்த்தது இந்த ஆள்தான்.

பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் ஒரே கூரைக்குள் ஐந்து அருங்காட்சியகம். டிக்கெட் இரண்டு நாளுக்குச் செல்லும். சமவெளிப் பூர்வகுடிகளின் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள், மனம் களைக்காத நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும். ஒரு குழந்தைத் தொட்டில், மான்தோல் மேல் கடுகளவு மணிகளால் முழுக்க வேலைப்பாடு. இவ்வளவு பொறுமையை யார் கொடுத்தார்கள் என்று அங்கேயே நின்றேன். துப்பாக்கிப் பகுதியை என் கணவர் தனியாகப் பார்த்துக்கொண்டார். இரவு எட்டு மணிக்கு ரோடியோ, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தினமும். மகளுக்கு மிகவும் பிடித்தது. எனக்கு மாடுகளைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

கோடிக்கும் பவலுக்கும் நடுவே ஹார்ட் மவுண்டன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கம்பி வேலிக்குள் வைத்த முகாம். கோடிக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள், விடாதீர்கள். முகாம் மூடிய பிறகு அதே நிலத்தைப் புதுக் குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், முகாமின் தார்க்காகிதம் போர்த்திய மரவீடுகளையும் சேர்த்து. நிலம் கொடுத்துக் குடியேற்றும் வேலை 1940களிலும் நடந்தது என்பது எனக்குப் புதுச் செய்தி.

வியாழன், தெர்மாபொலிஸ் வழியாக லேண்டர்

இன்று ஓய்வு. தெர்மாபொலிஸ் வெந்நீர் ஊற்றில் அரசுக் குளியலிடம் இலவசம். 1896இல் ஷோஷோனி, அரப்பஹோ மக்கள் ஊற்றை விற்றபோது ஒரு பகுதி பொதுமக்களுக்கு எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும் என்று வைத்த நிபந்தனை, இன்றும் நடக்கிறது. 20 நிமிடம் அனுமதி. அப்பாவின் முழங்காலுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தப் பயணத்தில் காப்பாற்றப்பட்ட ஒரு வாக்கைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

வெள்ளி, சவுத் பாஸ், இன்டிபெண்டன்ஸ் ராக்

லேண்டரிலிருந்து ஏறி சவுத் பாஸ் சிட்டி. 1867இல் தங்கத்துக்காக எழுந்து சீக்கிரமே காலியான ஊர். கட்டடங்களை நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள், கூட்டமில்லை, பொட்டிக்கடை போல ஒரு பழைய கடையில் மிட்டாய் கிடைக்கிறது. இந்த ஊரில் சாராயக்கடை வைத்திருந்த வில்லியம் பிரைட் கொண்டுவந்த மசோதாதான் 1869 டிசம்பர் 10இல் வயோமிங் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1870இல் எஸ்தர் ஹோபார்ட் மோரிஸ் இங்கே நீதிபதியானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவர் வாழ்ந்த தெருவில் மகளோடு நடந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

சவுத் பாஸ் கணவாய் கணவாய் மாதிரியே இல்லை. அகலமான புல்வெளி, 7,400 அடி உயரம், ஏறியதே தெரியாது. இந்தப் பக்கம் விழும் மழை அட்லாண்டிக்கை நோக்கி, அந்தப் பக்கம் விழுவது பசிபிக் பக்கம். இவ்வளவு மெதுவான ஏற்றம் இருந்ததால்தான் மாட்டு வண்டிகள் மலைத்தொடரைத் தாண்டவே முடிந்தது. இது இல்லாவிட்டால் ஆரிகன் பாதையே இல்லை.

பிற்பகலில் இன்டிபெண்டன்ஸ் ராக். தரையில் குப்புறக் கிடக்கும் கருங்கல் குன்று, 130 அடி. ஜூலை 4க்குள் இங்கே வந்துவிட்டால் பனிக்கு முன் மலையைத் தாண்டலாம் என்பது வண்டிக்காரர்கள் கணக்கு. மகளும் கணவரும் மேலே ஏறினார்கள், நானும் அப்பாவும் கீழே சுற்றிப் பெயர்களைத் தேடினோம். கருங்கல் என்பதால் எழுத்துகள் ரெஜிஸ்டர் கிளிஃபைவிட மேலோட்டம், பாசி படர்ந்திருக்கிறது. சாய்ந்த வெயிலில் மட்டுமே நன்றாகப் படிக்க முடிகிறது, ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள்.

இன்று இரவு காஸ்பர். அங்குள்ள பாதைகள் அருங்காட்சியகத்தைக் காலையில் பார்த்துவிட்டு டென்வர். இத்தனை நாள் லீவு கிடைக்காதவர்கள் வெள்ளி இரவு கெரிங் வந்து, சனிக்கிழமை ஸ்காட்ஸ் பிளஃபும் ஃபோர்ட் லாரமியும், ஞாயிறு காலை கர்ன்ஸியும் பார்த்துவிட்டு மாலைக்குள் டென்வர் திரும்பிவிடலாம். ரெஜிஸ்டர் கிளிஃபில் கடை எதுவும் கிடையாது, சாப்பாட்டையும் தண்ணீரையும் கர்ன்ஸி ஊருக்குள்ளேயே வாங்கிக்கொள்ளுங்கள்.